மணலுக்கடியில் ஒரு பண்ணை வீடு

சமூக அறிவியல் வகுப்பில் கரும்பலகையில் 'அகழாய்வு' என்று எழுதிவிட்டு, "மண்ணைத் தோண்டினால் என்ன கிடைக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். தங்கக் காசு, வாள், அரண்மனை, முதுமக்கள் தாழி என்று விடைகள் வரிசையாக வரும். அடுப்பு, ஆட்டுப் புழுக்கை, தறியில் தொங்கிய கல் என்று யாரும் சொல்வதில்லை. வரலாறு என்பது வேறு யாருடைய வீட்டிலோ நடந்தது என்ற எண்ணம் பிள்ளைகளிடம் எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்பதை இந்த விடைகள் காட்டுகின்றன.

அதனால் சில ஆண்டுகளாக, அகழாய்வை விளக்கும்போது நான் ஒரே ஒரு விவசாயக் குடும்பத்தின் வீட்டை எடுத்துக்கொள்கிறேன். அங்கே மன்னர் யாரும் வாழவில்லை. ஆடு மாடு வளர்த்து, புல் அறுத்துக் காயவைத்து, கம்பளி நெய்து, முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் தலைமுறை தலைமுறையாகச் சிலர் வாழ்ந்தார்கள். பிறகு அங்கே யாரும் இல்லை. அவர்கள் ஏன் போனார்கள் என்ற கேள்விதான் இந்தப் பாடத்தின் மையம். அந்தக் கேள்விக்கு விடை தேடும்போது, ஒரு சான்று எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று பிரித்தறியும் பழக்கம் பிள்ளைகளுக்கு வருகிறது. அந்த அனுபவத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

ஏன் கிரீன்லாந்து?

அந்த வீடு இருந்தது கிரீன்லாந்தில். அவ்வளவு தொலைவுக்கு ஏன் போக வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் மண். நம் ஊர் வெயிலிலும் மழையிலும் மரம், துணி, தோல், கயிறு, ஓலை எல்லாம் சில ஆண்டுகளில் மக்கிவிடுகின்றன. கறையான் மிச்சத்தை முடித்துவிடும். பல நூற்றாண்டு கழித்துத் தோண்டும்போது நம் கையில் கிடைப்பவை பெரும்பாலும் பானை ஓடு, மணி, கல், இரும்புத் துண்டு, செங்கல். ஒரு குடும்பத்தின் அன்றாடப் பொருள்களில் பெரும்பகுதி ஏற்கெனவே காணாமல் போயிருக்கும்.

கிரீன்லாந்தின் சில பகுதிகளில் மண்ணின் அடி அடுக்கு ஆண்டு முழுவதும் உறைந்தே இருக்கும். நாம் காய்கறியைக் குளிர்பெட்டியில் வைப்பதுபோல, அந்த உறைமண் தன்னுள் விழுந்ததை எல்லாம் காத்து வைத்திருக்கிறது. மரம் மரமாகவே இருக்கிறது, கம்பளி கம்பளியாகவே இருக்கிறது. ஆகவே மற்ற இடங்களில் என்னவெல்லாம் அழிந்து போயிருக்கும் என்பதைப் புரிந்துகொள்ள இந்த வீடு உதவுகிறது.

அங்கே குடியேறியவர்கள் யார்?

கி.பி. 985ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஐஸ்லாந்திலிருந்து கப்பலில் வந்த நார்ஸ் மக்கள் கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையோரம் குடியேறினார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் செந்தலை எரிக் என்று அழைக்கப்பட்டவர். இரண்டு பகுதிகளில் பண்ணைகள் அமைந்தன. தெற்கே இருந்தது 'கிழக்குக் குடியிருப்பு'. அதற்கு வடக்கே பல நூறு கிலோமீட்டர் தள்ளி, இன்றைய தலைநகரான நூக் நகருக்கு அருகே இருந்தது 'மேற்குக் குடியிருப்பு'. பெயர்களைக் கேட்டு மாணவர்கள் குழம்புவார்கள். வரைபடத்தைக் காட்டிவிட்டால் சரியாகிவிடும்.

இவர்கள் கால்நடை விவசாயிகள். கோடைக்காலம் குறுகியது, குளிர்காலம் நீண்டது. மாடுகள் பல மாதங்கள் தொழுவத்திலேயே கட்டிக் கிடக்கும். அவ்வளவு மாதங்களுக்கும் தேவையான புல்லைக் கோடையிலேயே அறுத்துக் காயவைத்துச் சேர்த்துவிட வேண்டும். ஒரு கோடை பொய்த்தால் அடுத்த வசந்தத்தில் மாடு இருக்காது. நம் பகுதியில் ஒரு பருவமழை பொய்த்தால் என்ன ஆகும் என்று தெரிந்த பிள்ளைகளுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஆற்றங்கரையில் நீட்டிக்கொண்டிருந்த மரம்

1990இல், நூக் நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், பனிமான் வேட்டைக்குப் போன இருவர் ஓர் ஆற்றங்கரையில் பெரிய மரத்துண்டுகள் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார்கள். பெருமரங்கள் வளராத நாடு அது. கடல் அடித்துக்கொண்டுவந்து கரையில் ஒதுக்கும் மரங்களையே அங்கு வாழ்ந்தவர்கள் பெரிதும் நம்பியிருந்தார்கள். கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி, ஆற்றின் கரை மண்ணுக்குள் இவ்வளவு பெரிய மரம் எப்படி வந்தது? அந்த இருவரும் செய்தியை அருங்காட்சியகத்துக்குத் தெரிவித்தார்கள்.

1991 முதல் 1996 வரை கிரீன்லாந்து, டென்மார்க் ஆய்வாளர்கள் அங்கே அகழாய்வு செய்தார்கள். பனியாறு உருகி வரும் அந்த ஆறு எப்போதோ திசை மாறி, பண்ணை முழுவதையும் மணலால் மூடியிருந்தது. பிறகு அதே ஆறு மீண்டும் கரையை அரித்து, மூடியதைத் திறந்துகொண்டிருந்தது. அதனால் அந்த இடத்துக்கு டேனிய மொழியில் 'மணலுக்கடியில் உள்ள பண்ணை' என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள்.

கோடையில் மட்டுமே தோண்ட முடியும். கோடையில்தான் ஆற்றில் வெள்ளமும் கூடும். ஒருபுறம் ஆய்வாளர்கள் மண்ணை அடுக்கு அடுக்காக எடுத்துக்கொண்டிருக்க, மறுபுறம் ஆறு கரையை எடுத்துக்கொண்டிருந்தது. இன்று அந்த வீட்டைப் போய்ப் பார்க்க முடியாது. ஆறு அதைக் கொண்டுபோய்விட்டது. அகழாய்வுக் குறிப்பேடுகளும் வரைபடங்களும் எடுத்துப் பாதுகாக்கப்பட்ட பொருள்களும்தான் எஞ்சியிருக்கின்றன. அந்த இருவரும் அன்று மரத்துண்டைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போயிருந்தால், இப்படி ஒரு வீடு இருந்தது என்பதே யாருக்கும் தெரிந்திருக்காது.

வீட்டுக்குள் என்ன இருந்தது?

ஏறத்தாழ கி.பி. 1000இல் அந்த இடத்தில் முதல் வீடு எழுந்தது. கல்லோடு, புல்லும் வேருமாக வெட்டியெடுத்த மண்கட்டிகளை அடுக்கித் தடித்த சுவர் எழுப்பினார்கள். நம் மண்சுவர் வீடு வெயிலைத் தடுப்பதுபோல அந்தச் சுவர் குளிரைத் தடுக்கும். தொடக்கத்தில் நீண்ட ஒற்றைக் கூடமாக இருந்த வீடு, காலப்போக்கில் அறைகளாகப் பெருகியது. பழைய அறை சரிந்தால் அதன் மேலேயே புதிய அறை கட்டினார்கள். தொழுவமாக இருந்தது பிறகு வேறொன்றாக மாறியது. மொத்தமாக முப்பதுக்கும் மேற்பட்ட அறைகளை ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அவை எல்லாம் ஒரே காலத்தில் இருந்தவை என்று எண்ணிவிடக் கூடாது. முந்நூறு ஆண்டுகளில் இடித்தும் ஒட்டியும் கட்டியவற்றின் கூட்டுத்தொகை அது.

பிற்காலத்தில் மனிதர் வாழும் அறைகளும் கால்நடைக் கொட்டில்களும் ஒன்றோடு ஒன்று ஒட்டியே அமைந்தன. மாடும் ஆடும் பக்கத்து அறையில் இருந்தால் அவற்றின் உடல் சூடு வீட்டுக்கும் கிடைக்கும். கடுங்குளிரில் தீனி போடவும் பால் கறக்கவும் வெளியே போக வேண்டியதில்லை.

ஓர் அறை நெசவுக்கானது. அங்கே செங்குத்தாக நிற்கும் தறியின் மரப்பகுதிகளும், பாவு நூல்களை இழுத்துப் பிடிக்கத் தொங்கவிடும் தறிக்கற்களும் கிடைத்தன. கம்பளித் துணித் துண்டுகளும் கிடைத்தன. அந்த மக்கள் சட்டி, விளக்கு, தறிக்கல் போன்றவற்றைச் செய்யப் பெரிதும் பயன்படுத்திய கல்லை நமக்கும் தெரியும். நம் பாட்டிமார் குழம்பு வைத்த கல்சட்டி செய்யப்படும் அதே மாக்கல்தான். மென்மையானது, செதுக்க எளிது, சூட்டைத் தாங்கும். பெரும்பாலும் ஓராண்டில் யாராவது ஒரு மாணவர், "எங்க ஆத்தா வீட்ல கல்சட்டி இருக்கு டீச்சர்" என்று சொல்லிவிடுவார். அந்த நொடியில் கிரீன்லாந்து அவ்வளவு தொலைவில் இருப்பதில்லை.

மண்ணும் ஈயும் சொல்வது

எலும்பு, மரம், கல் இவற்றை எல்லாரும் சான்று என்று ஒப்புக்கொள்வார்கள். வெறும் மண்ணும் சான்றுதான் என்பதை இந்தப் பண்ணை காட்டியது. அங்கிருந்து அடுக்கு வாரியாக எடுத்த மண்ணை ஆய்வகத்தில் சோதித்து, அதில் கலந்திருந்த மாடு, செம்மறி, வெள்ளாடு ஆகியவற்றின் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்தார்கள். 2009இல் இந்த ஆய்வு வெளியானது. சாணமும் சிறுநீரும் உதிர்ந்த ரோமமும் மண்ணில் கலந்து விட்டுச்சென்ற தடயம் அது. எந்த அடுக்கில் கால்நடைத் தடயம் தொடங்குகிறது, எந்த அடுக்கில் நிற்கிறது என்று பார்த்தால், பண்ணை எப்போது உயிரோடு இருந்தது என்று அறியலாம். ஏறத்தாழ கி.பி. 1000இல் தொடங்கி 1400ஐ ஒட்டி அது நின்றுபோகிறது.

அதே மேற்குக் குடியிருப்பில் நிப்பாட்சோக் என்ற இடத்தில் இன்னொரு கைவிடப்பட்ட பண்ணை அகழப்பட்டது. அங்கே முக்கியச் சாட்சி ஈ. வெவ்வேறு வகை ஈக்கள் வெவ்வேறு இடங்களில் வளரும். சூடான வீட்டில், மனிதக் கழிவிலும் குப்பையிலும் மட்டுமே பிழைக்கும் ஈ ஒரு வகை. குளிரைத் தாங்கி, இறந்த விலங்கின் அழுகிய தசையில் வளரும் ஈ இன்னொரு வகை. ஈயின் கூட்டுப்புழு ஓடுகள் உறைமண்ணில் அழியாமல் இருந்தன. மனிதர் புழங்கிய அறைகளில் கீழ் அடுக்குகளில் சூட்டை விரும்பும் ஈ இருந்தது. கடைசி அடுக்கில் அது குறைந்து, குளிரைத் தாங்கும் ஈ வந்துவிட்டது. அதாவது அந்த வீட்டில் அடுப்பு அணைந்துவிட்டது என்பதை ஓர் ஈயின் ஓடு சொல்கிறது.

அறிவியல் ஆசிரியரும் சமூக அறிவியல் ஆசிரியரும் சேர்ந்து நடத்த ஏற்ற பகுதி இது. ஈயின் வாழ்க்கைச் சுழற்சி அறிவியல் பாடத்தில் வருகிறது. ஒரு வீட்டின் கடைசி நாள்களை அறிய அது பயன்படும் என்று தெரிந்தால் அந்தப் பாடத்துக்கு வேறொரு மதிப்பு வருகிறது.

ஏன் போனார்கள்?

இந்த இடத்தில் நான் பாடத்தை நிறுத்திவிட்டு, "அந்தப் பண்ணை ஏன் வெறிச்சோடியது?" என்று வகுப்பைக் கேட்பேன். "குளிர் தாங்காம செத்துட்டாங்க", "எதிரிங்க வந்து அடிச்சிட்டாங்க", "வேற ஊருக்கு வேலைக்குப் போயிட்டாங்க" என்று வரும். ஒருமுறை பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி சொன்னாள்: "வட்டிக்கு வாங்கியிருப்பாங்க டீச்சர். கட்ட முடியாம ராத்திரியோட ராத்திரியா கிளம்பியிருப்பாங்க."

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு பிள்ளையும் தான் கண்ட உலகத்திலிருந்துதான் விடை சொல்கிறது. அந்த விடையைத் தவறு என்று ஒதுக்குவதும் சரி என்று ஏற்பதும் இரண்டுமே பயன் தராது. "நல்ல யோசனை. அப்படி நடந்திருந்தா அந்த வீட்ல என்ன இருக்கும், என்ன இருக்காது?" என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "தூக்கிட்டுப் போகக்கூடிய பொருள் எதுவும் இருக்காது. பெரிய சாமான் அப்படியே கெடக்கும்" என்றாள். ஊகத்திலிருந்து சோதிக்கக்கூடிய ஒரு கூற்றுக்கு அவள் வந்துவிட்டாள். தொல்லியல் ஆய்வாளர்கள் செய்வதும் இதுவே.

அடுத்துச் சான்றுகளை ஒவ்வொன்றாகக் கரும்பலகையில் எழுதுவோம்.

முதலாவது, எழுத்துச் சான்று. 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஈவார் பார்தார்சன் என்ற திருச்சபை அலுவலர் கிழக்குக் குடியிருப்பிலிருந்து மேற்குக் குடியிருப்புக்குச் சென்றார். அங்கே மனிதர் யாரையும் காணவில்லை, கால்நடைகள் மட்டும் மேய்ப்பாரின்றித் திரிந்தன என்பது அவர் பெயரில் பிற்காலப் படிகள் வழியாக வந்திருக்கும் குறிப்பு.

இரண்டாவது, பொருள் சான்று. மணலுக்கடியில் இருந்த பண்ணையில் ஓர் அறையில் வெள்ளாடு ஒன்றின் உடல் கிடந்தது. மனிதர் போன பின் அந்த வீட்டில் ஒதுங்கி அங்கேயே இறந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் விளக்கம். ஈவாரின் குறிப்போடு இது பொருந்துவதுபோல் தெரிகிறது. ஆனால் மண்ணிலிருந்து கிடைக்கும் காலக்கணிப்பு 1400ஐ ஒட்டிய காலம் வரை நீள்கிறது. ஆக, ஈவார் போனபோது சில பண்ணைகள் மட்டும் காலியாக இருந்தனவா? அவர் எல்லாப் பண்ணைகளையும் பார்த்தாரா? ஆவணத்தையும் மண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் இப்படிப்பட்ட கேள்விகள் பிறக்கின்றன.

மூன்றாவது, நிப்பாட்சோக் பண்ணை. அங்கே கடைசி அடுக்கில் மாடுகளின் குளம்பெலும்புகளும் கத்திக் கீறல் விழுந்த வேட்டைநாய் எலும்புகளும் கிடைத்ததாக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தன் கறவை மாட்டையும் வேட்டைநாயையும் ஒரு குடும்பம் உண்ண நேர்ந்தது என்றால் அது எப்படிப்பட்ட குளிர்காலமாக இருந்திருக்கும்! இந்த இடத்தில் வகுப்பு தானாகவே அமைதியாகிவிடும்.

நான்காவது, மனித எலும்புகள். கிரீன்லாந்து நார்ஸ் மக்களின் கல்லறைகளில் கிடைத்த எலும்புகளை வேதியியல் முறையில் ஆராய்ந்தபோது, தொடக்கக் காலத்தில் அவர்கள் உணவில் ஏறத்தாழ 20 விழுக்காடாக இருந்த கடல் உணவு, கடைசிக் காலத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடாக உயர்ந்திருந்தது தெரிந்தது. மாட்டையும் ஆட்டையும் நம்பி வந்தவர்கள் காலப்போக்கில் பெருமளவு கடல்நாய் வேட்டைக்கு மாறியிருக்கிறார்கள். அவர்கள் கைகட்டி உட்கார்ந்திருக்கவில்லை. வாழும் முறையை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

ஐந்தாவது, வெளியுலகம். தட்பவெப்பம் குளிர்ந்து வந்த காலம் அது. வால்ரஸ் தந்தத்தை ஐரோப்பாவுக்கு அனுப்பி இரும்பு போன்ற பொருள்களைப் பெற்ற வணிகமும் அந்தக் காலத்தில் தளர்ந்தது. அவர்களுக்குக் கப்பல் வர வேண்டிய நார்வேயை 1349இல் கொள்ளைநோய் தாக்கியது. தெற்கே கிழக்குக் குடியிருப்பு மட்டும் மேலும் சில பத்தாண்டுகள் நீடித்தது. அங்குள்ள வால்சே தேவாலயத்தில் 1408இல் நடந்த ஒரு திருமணமே அந்தச் சமூகத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் கடைசி எழுத்துப் பதிவு.

இவ்வளவையும் எழுதிய பின் மறுபடி கேட்பேன்: "ஏன் போனார்கள்?" இந்த முறை யாரும் ஒற்றை வரியில் விடை சொல்வதில்லை. ஒரு பண்ணையில் பசியின் அடையாளம் இருக்கிறது. இன்னொரு பண்ணையில் ஓர் ஆடு மட்டும் பின்தங்கியிருக்கிறது. ஒரே குடியிருப்பில் இரு வீடுகளின் முடிவு இரு விதமாக இருந்திருக்கலாம். சிலர் தெற்கே உறவினரிடம் போயிருக்கலாம். சிலர் கப்பலேறியிருக்கலாம். சிலர் அங்கேயே மடிந்திருக்கலாம். 'கிரீன்லாந்து மக்கள் குளிரால் அழிந்தார்கள்' என்று ஒரே வரியில் எழுதினால் தேர்வில் மதிப்பெண் கிடைக்கும். அந்த இரு வீடுகளில் இருந்தவர்கள் அந்த வரிக்குள் அடங்குவதில்லை.

விடை மாறவும் செய்யும்

சான்று கூடும்போது விடை மாறும் என்பதற்கு, அந்த மக்கள் புறப்பட்டு வந்த ஐஸ்லாந்திலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. தெற்கு ஐஸ்லாந்தில் ஸ்டோங் என்ற பண்ணை வீடு 1939இல் அகழப்பட்டது. அருகிலுள்ள ஹெக்லா எரிமலை 1104இல் வெடித்து, வெளிறிய சாம்பலால் அந்தப் பள்ளத்தாக்கை மூடியது. அந்த வெடிப்பால்தான் ஸ்டோங் கைவிடப்பட்டது என்ற விளக்கம் பரவலாக ஏற்கப்பட்டது. அந்த வீட்டின் அமைப்பைக் கொண்டு 1970களில் மாதிரிப் பண்ணை வீடு ஒன்றும் கட்டினார்கள். ஆனால் பின்னர் நடந்த ஆய்வுகள், 1104க்குப் பிறகும் அங்கே மக்கள் வாழ்ந்ததைக் காட்டின. சாம்பல் விழுந்த பின்னும் ஒரு நூற்றாண்டு அளவுக்கு அவர்கள் அந்த மண்ணை விடவில்லை என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து.

எரிமலை வெடித்தது உண்மை. வீடு கைவிடப்பட்டதும் உண்மை. இரண்டையும் இணைத்த 'அதனால்' என்ற ஒரு சொல்தான் ஆராய வேண்டியதாக இருந்தது. மாணவர்களிடம் இதைச் சொல்லும்போது 'அதனால்' என்ற சொல்லைச் சுற்றி வட்டமிடுவேன். விடைத்தாளில் அந்தச் சொல்லை எழுதும் ஒவ்வொரு முறையும், அதற்கு என்ன சான்று என்று தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் வகுப்பு ஒப்பந்தம்.

வகுப்பறையில் செய்யக்கூடியவை

இவற்றுக்குச் செலவு இல்லை. வகுப்புக்கு ஏற்பக் கூட்டியும் குறைத்தும் கொள்ளலாம்.

குப்பைத்தொட்டி அடுக்கு (3 முதல் 5ஆம் வகுப்பு வரை): திங்கள் முதல் வெள்ளி வரை வகுப்புக் குப்பைத்தொட்டியைக் கொட்டாமல் வையுங்கள். உணவுக் கழிவைச் சேர்க்க வேண்டாம். வெள்ளி மாலை மேலிருந்து ஒவ்வொரு பொருளாக எடுத்து வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். அடியில் இருப்பது திங்கட்கிழமைப் பொருள் என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். பென்சில் சீவல் எந்த நாளில் அதிகம், ஏன் என்று கேளுங்கள். மண் அடுக்கு என்ற கருத்துக்கு இதைவிட எளிய வழி நான் அறிந்தவரை இல்லை.

எது மிஞ்சும்? (4 முதல் 8ஆம் வகுப்பு வரை): அவரவர் வீட்டில் உள்ள இருபது பொருள்களைப் பட்டியலிடச் சொல்லுங்கள். ஐந்நூறு ஆண்டு கழித்து நம் மண்ணில் எவை மிஞ்சும், எவை மக்கிவிடும் என்று பிரிக்கட்டும். அம்மிக்கல்லும் எவர்சில்வர் தட்டும் மிஞ்சும். பாயும் துடைப்பமும் தாத்தாவின் கயிற்றுக் கட்டிலும் மிஞ்சா. மிஞ்சியதை மட்டும் கொண்டு அந்த வீட்டைப் பற்றி எழுதினால் யாருடைய உழைப்பு காணாமல் போகும் என்று கடைசியில் கேளுங்கள். பாய் நெய்தவர், கூடை முடைந்தவர், துணி தைத்தவர் என்று விடை வரும்போது பாடம் முழுமை பெறுகிறது.

மூன்று கட்டம் (8 முதல் 12ஆம் வகுப்பு வரை): நோட்டில் மூன்று கட்டம் போடச் சொல்லுங்கள். 'கண்டது', 'ஊகித்தது', 'சொல்ல இயலாதது'. மேலே சொன்ன ஒவ்வொரு சான்றையும் இந்த மூன்றில் பிரித்து எழுத வேண்டும். ஆட்டின் உடல் கிடந்தது என்பது கண்டது. மனிதர் போன பின் அது இறந்தது என்பது ஊகித்தது. அவர்கள் அதை ஏன் விட்டுப் போனார்கள் என்பது சொல்ல இயலாதது. மூன்றாவது கட்டத்தைக் காலியாக விடாத மாணவரைப் பாராட்டுங்கள். தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதற்கும் மதிப்பு உண்டு என்பதை அவர்கள் அறியட்டும்.

ஒரு கவனம் தேவை. நம் வகுப்புகளில் வீட்டைப் பூட்டிவிட்டு வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் பெற்றோர் போவதால் இடம் மாறி வந்தவர்கள், வெள்ளத்தில் வீட்டை இழந்தவர்கள், கடனில் வீட்டை விட்டவர்கள் இருக்கலாம். 'உங்கள் வீட்டை ஏன் விட்டு வந்தீர்கள்?' என்ற கேள்வியை இந்தப் பாடத்தின் செயல்பாடாக ஒருபோதும் ஆக்க வேண்டாம். பிள்ளை தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். தொலைவில் உள்ள ஒரு வீட்டை வைத்துப் பேசுவதில் உள்ள நன்மையும் இதுதான். தன் கதையைச் சொல்லாமலே அதைப் பற்றி ஒரு பிள்ளையால் யோசிக்க முடிகிறது.

தோண்ட வேண்டாம், தெரிவிக்கலாம்

இந்தப் பாடம் முடிந்ததும் ஆர்வத்தில் சில மாணவர்கள் ஊருக்கு வெளியே உள்ள மேட்டைத் தோண்டப் போவார்கள். அதை முன்கூட்டியே தடுப்பது நம் பொறுப்பு. ஒரு பொருளை மண்ணிலிருந்து எடுத்த கணத்திலேயே அது எந்த அடுக்கில், எதன் அருகில், எந்த நிலையில் கிடந்தது என்ற செய்தி அழிந்துவிடுகிறது. ஈயின் ஓடு கடைசி அடுக்கில் இருந்ததால்தான் அது சாட்சி ஆயிற்று. கையில் தனியாக எடுத்து வந்திருந்தால் அது வெறும் ஓடு.

சட்டமும் உண்டு. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்தப் பொருளைப் பற்றியும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். மாணவர்களுக்கு நான் சொல்லும் வழி எளியது. பார்த்தால் தொடாதே. இருந்த இடத்திலேயே ஒரு படம் எடு அல்லது வரைந்துகொள். இடத்தைக் குறித்துக்கொள். ஆசிரியரிடம் சொல். தலைமையாசிரியர் வழியாகக் கிராம நிர்வாக அலுவலருக்கோ, தொல்லியல் துறைக்கோ, மாவட்ட அரசு அருங்காட்சியகத்துக்கோ நாம் தெரிவிப்போம். நம் மாநிலத்தில் அரசுப் பள்ளிகள் சிலவற்றில் இயங்கும் தொன்மைப் பாதுகாப்பு மன்றங்கள் இந்த வழியில் நல்ல பணி செய்து வருகின்றன.

மண்ணுக்கு மேலே இருப்பதைப் பதிவு செய்ய யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஊரில் ஆள் இல்லாத பழைய வீடு, தூர்ந்துபோன கிணறு, களத்துமேடு, செக்கு இருந்த இடம், கமலை ஓடிய தடம் ஆகியவற்றை வெளியிலிருந்தே பார்த்து வரைபடத்தில் குறிக்கலாம். பெரியவர்களிடம் கேட்டு, அங்கே என்ன வேலை நடந்தது, எந்த ஆண்டு வரை நடந்தது என்று எழுதி வைக்கலாம். பாழடைந்த சுவருக்கு அருகே பிள்ளைகளைத் தனியே அனுப்ப வேண்டாம். ஆசிரியர் உடன் இருக்க வேண்டும். ஓர் ஆண்டில் ஒரு வகுப்பு பத்து இடங்களைப் பதிவு செய்தாலும், அடுத்த ஆண்டு வரும் வகுப்பு அதைத் தொடரும். கமலை இறைத்தவர்களும் செக்கு ஓட்டியவர்களும் இன்னும் சிலர் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் இந்த ஆண்டே கேட்டு எழுதிக்கொள்ளலாம்.